அப்பாவின் டிரங்குப் பெட்டியும் விழுப்புரம் இன்ஜின்களும்

எங்கள் வீட்டில் சாமி படங்களை விட ரயில் படங்கள் அதிகம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எண்ணியே விட்டேன். சாமி பதினாலு, ரயில் பதினேழு. இது சுவரில் மாட்டியிருப்பது மட்டும். டிரங்குப் பெட்டியில் இருப்பது தனிக் கணக்கு: 1,934 நெகடிவ். (பேங்க்காரன் எண்ணினால் எண்ணினதுதான். இரண்டு தரம் டேலி பண்ணியாச்சு.)

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க்காக இருந்தார். 1970இல் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதச் சம்பளத்தில் ஒரு ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா வாங்கினார். அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக் கேமரா என்றால் அதுதான். ஒரு ரோலில் பன்னிரண்டு படம், சதுரமாக விழும். மற்றவர்கள் அதை வைத்துக் கல்யாணம், காதுகுத்து எடுத்தார்கள். எங்கப்பா இன்ஜின் எடுத்தார்.

விழுப்புரத்தில் அப்போது என்ன விசேஷம் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் புரியும். அது முழுக்க முழுக்க மீட்டர் கேஜ் ஜங்ஷன். சென்னைப் பக்கத்திலிருந்து வரும் மின்சாரக் கம்பி 1960களில் விழுப்புரம் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. எழும்பூரிலிருந்து ஒய்.ஏ.எம்.-1 என்ற ஜப்பான் மின்சார இன்ஜின் இழுத்து வரும் வண்டி, விழுப்புரத்தில் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு இன்ஜின் மாட்டிக்கொண்டு தெற்கே போகும். அது ஒய்.பி. நீராவி இன்ஜினாகவும் இருக்கும், ஒய்.டி.எம்.-4 டீசலாகவும் இருக்கும். மெயின் லைன், கார்டு லைன், பாண்டிச்சேரி, காட்பாடி என்று நாலா பக்கமும் வண்டி. பக்கத்திலேயே லோகோ ஷெட். ஆக நீராவி, டீசல், மின்சாரம் மூன்றும் ஒரே ப்ளாட்பாரத்தில் நிற்கும். ஒய்.ஏ.எம்.-1 மொத்தமே இருபது இன்ஜின்தான் வந்தது. இந்தியாவில் மீட்டர் கேஜில் ஏ.சி. மின்சாரத்தில் ஓடிய இன்ஜின் வகை அது ஒன்றுதான். அப்பாவுக்கு இது எதுவும் அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வண்டி நிற்கிறது, வெயில் இருக்கிறது, ரோலில் மிச்சம் இருக்கிறது, ஒன்று எடுப்போம். அவ்வளவுதான்.

அப்பாவின் படங்களில் ஓடுகிற ரயில் ஏறக்குறைய இல்லவே இல்லை. எல்லாம் நிற்கிற ரயில். தண்ணீர் பிடிக்கும் இன்ஜின், சாம்பல் தட்டும் இன்ஜின், டர்ன் டேபிளில் ஆட்கள் தோள் கொடுத்துத் திருப்பும் இன்ஜின், கோர்வைக்காகக் காத்து நிற்கும் இன்ஜின். ரொம்ப நாள் இதை அப்பாவின் ரசனை என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் அவரே சொன்னார். கிளிக் த்ரீயில் ஷட்டர் வேகத்தை மாற்ற வழி கிடையாது. ஓடுகிற வண்டியை எடுத்தால் கம்பளி உதறின மாதிரி கலங்கித்தான் வரும். 1977 ஆகஸ்ட் 15ஆம் தேதி வைகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்த புதிதில், அது ஸ்டேஷனுக்குள் நுழைவதை ஆசைப்பட்டு எடுத்திருக்கிறார். ஒரு நீளமான கறை விழுந்திருக்கிறது. அதையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார், மகராசன்.

அந்தக் குறைதான் எங்களுக்குக் கிடைத்த புதையல் என்று இப்போது தோன்றுகிறது. நல்ல கேமரா இருந்திருந்தால் அவரும் வளைவில் புகை விட்டுப் பாயும் இன்ஜினாக எடுத்துத் தள்ளியிருப்பார். அழகான படங்கள் அவை, இல்லை என்று சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து நீராவி இன்ஜின் தேடி இந்தியா வந்தவர்கள் எடுத்தவை ஏராளம் இருக்கின்றன. ஆனால் நிற்கிற இன்ஜினைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். கரி அள்ளுகிறவர், எண்ணெய்க் குவளையோடு ஃபயர்மேன், கையில் பச்சைக் கொடியைச் சுருட்டி வைத்திருக்கும் கார்டு, ஐஸ் ஒழுகும் மீன் கூடை, மல்லிகைப்பூ மூட்டை, கூடைக்காரம்மா. அப்பாவின் பெட்டியில் இருப்பது பாதி ரயில், பாதி விழுப்புரம்.

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்று ஒருவர் இருந்தார். 1955இலிருந்து 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி இன்ஜின்களைப் படம் எடுத்தவர். பெரும்பாலும் ராத்திரியில், டஜன் கணக்கில் ஃப்ளாஷ் பல்புகளை ஒரே சமயத்தில் எரியவிட்டு எடுத்தார். ரயில் பின்னால் போகும், முன்னால் ஜனங்கள் நீச்சல் அடித்துக்கொண்டோ காரில் உட்கார்ந்து சினிமா பார்த்துக்கொண்டோ இருப்பார்கள். ரோனோக் என்ற ஊரில் பழைய ரயில் நிலையத்திலேயே அவர் படங்களுக்கு 2004இல் மியூசியம் வைத்தார்கள். இந்தப் படங்களை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இவன் ராத்திரிய பகலாக்கி இருக்கான். எனக்குப் பகல்லயே வெளிச்சம் பத்தல" என்றார். அதோடு, "ஒரு படத்துக்கு இவ்ளோ பல்ப் எரிச்சா இவன் வீட்டுல திட்ட மாட்டாங்களா?" என்று ஒரு கேள்வி வேறு :-)

திட்டு என்றதும் அம்மா ஞாபகம் வருகிறது. மாசம் ஒரு ரோல் என்பது அப்பா தனக்குத்தானே போட்டுக்கொண்ட பட்ஜெட். ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ரோல், கிடைக்காத மாதத்தில் கிழக்கு ஜெர்மனி ஓர்வோ. கழுவுகிற கூலி தனி. பிரிண்ட் எல்லாம் நெகடிவ் அளவிலேயே தம்மாத்தூண்டாக ஒன்று, பெரிசு பண்ணக் காசில்லை. அம்மா மாசாமாசம் ஒரே கேள்விதான் கேட்பார்: "இரும்புக்கு எடுக்கிறதுல ஒன்னு எனக்கு எடுத்தா ஃபிலிம் தீந்துடுமா?" அப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார். அம்மா 2018இல் போய்ச் சேர்ந்தார். மாலை போட்டு மாட்ட ஒரு படம் தேடி வீட்டையே கவிழ்த்தோம். கடைசியில் கிடைத்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த குரூப் ஃபோட்டோவை வெட்டிப் பெரிசாக்கியது. முகம் மொசைக் தரை மாதிரி இருக்கும்.

அந்தக் காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். திறந்ததும் குப்பென்று ஒரு புளிப்பு வாசனை. அக்கா, "யாருடா உள்ளாற ஊறுகாய் வெச்சது?" என்றாள்.

அது ஊறுகாய் இல்லை. அந்தக் காலத்து ஃபிலிமின் அடித்தளம் அசிடேட் என்ற பொருள். சூட்டிலும் ஈரப்பதத்திலும் வருஷக்கணக்கில் கிடந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும், அதாவது வினிகர். மோசம் என்னவென்றால், கக்கிய அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். வட்டிக்கு வட்டி போடுகிற கணக்கு. பக்கத்தில் இருக்கும் நல்ல நெகடிவையும் கெடுக்கும். ஃபிலிம் சுருங்கும், மேலே இருக்கும் ஜெலட்டின் படலம் சுருங்காது, அதனால் வாய்க்கால் வாய்க்காலாகச் சுருக்கம் விழும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. எங்கள் பெட்டியில் 211 நெகடிவ் வாசனை பிடித்தவை. அதில் 38 முற்றிலும் போயே போய்விட்டது. மீதியில் சிலவற்றில் பூஞ்சைக் காளான். ஒரு விஷயம் எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காளான் பிடித்த நெகடிவைத் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். காளான் ஜெலட்டினைத் தின்று கரையும்படி ஆக்கிவிட்டிருக்கும். தண்ணீர் பட்டால் படமும் சேர்ந்து வழிந்துவிடும்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு சண்டை. சென்னையிலிருந்து பழைய பொருள் வாங்குகிறவர் ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்து, பெட்டியோடு மொத்தமாகக் கேட்டார். சொன்ன விலை சின்னத் தொகை இல்லை. தம்பி கொடுத்துவிடலாம் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பாவுக்குக் கண்ணில் ஊசி போட வேண்டியிருந்தது, அது ஒரு முறையோடு முடிகிற வைத்தியமும் இல்லை. "நாம வெச்சிருந்தா வினிகர் ஆவும், அவர் வெச்சிருந்தா காசாவது ஆவும்" என்றான். அக்கா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான் நாக்பூரில் இருந்துகொண்டு ஃபோனில் பஞ்சாயத்து. ஆளுக்கு ஆள் கத்தின பிறகு அக்காதான், "பெட்டி அவரோடது, அவரக் கேளுங்கடா" என்றாள். யாருக்கும் அது தோன்றவே இல்லை பாருங்கள்.

அப்பா, "விக்கிறதுன்னா வித்துக்குங்க. ஆனா பேரெழுதாம குடுக்காதீங்க" என்றார்.

என்ன பேர் என்றால் இன்ஜின் பேர் இல்லை. அது டெண்டரிலேயே எழுதியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். படத்தில் இருக்கும் ஆட்களின் பேர். டிரைவர், ஃபயர்மேன், கரி அள்ளினவர், பாயிண்ட்ஸ்மேன். வாங்க வந்தவருக்கு வேண்டியது இன்ஜின். அப்பாவுக்கு வேண்டியது அந்த ஆட்கள். அன்றைக்கு முடிவானதுதான் இந்த வேலை. விற்பதா வேண்டாமா என்ற பேச்சை எடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பேர் எழுதி முடிப்பது. கண் ஊசிச் செலவை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் இருநூறு இருநூறாக நெகடிவைக் கைப்பையில் வைத்து ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ நாக்பூர் கொண்டு வருவேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், தலைமாட்டிலேயே. ட்ரான்ஸ்பரன்சி விளக்கு உள்ள ஃப்ளாட்பெட் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். 2400 டி.பி.ஐ.யில் ஒரு சதுர நெகடிவ் கிட்டத்தட்ட 28 மெகாபிக்சல் வருகிறது. டிஃப் கோப்பாக வைத்தால் ஒன்று 56 எம்.பி. மொத்தமும் முடிந்தால் நூறு ஜி.பி.க்குக் கொஞ்சம் மேல். ஒரு காப்பி நாக்பூரில், ஒன்று விழுப்புரத்தில், ஒன்று பெங்களூரில் தம்பி வீட்டில். ஆபீஸில் டிசாஸ்டர் ரெகவரி என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள், விடமுடியுமா. நெகடிவ்களைப் பி.வி.சி. உறையில் போடக்கூடாது, அதுவே அமிலம் கக்கும். பாலிப்ராப்பிலீன் உறை அல்லது அமிலமில்லாத காகிதம்தான் சரி.

வாசனை பிடித்த 173 உருப்படியைத் தனியாகப் பிரித்து, காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். குளிரில் சிதைவு மெதுவாகும். நாக்பூர் மே மாதத்தை அனுபவித்தவர்களுக்கு வேறு வழி இல்லை என்பது புரியும். தங்கமணிக்கு மட்டும் புரியவில்லை. "இட்லி மாவு வைக்க இடமில்ல, மாமனார் ரயில் வண்டி மட்டும் ஏ.சி.ல போவுது" என்று இன்றுவரை பாட்டு. (ஆனால் கரண்ட் போனால் முதலில் ஓடி வந்து ஃப்ரிட்ஜைத் திறக்காதே என்று பெண்ணை அதட்டுவதும் அவள்தான்.)

பேர் எழுதுகிற வேலைதான் உண்மையில் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோ கால். அக்கா டேப்லெட்டில் படத்தைப் பெரிசாக்கிக் காட்டுவாள். அப்பாவுக்கு நடுப்பார்வை மங்கிவிட்டது, ஓரப் பார்வைதான் தெரிகிறது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். தெரியாவிட்டால் நாங்கள் வாயால் சொல்வோம். "இடது பக்கம் ஒருத்தர், தலப்பா கட்டியிருக்கார், வலது கையில ஏதோ கட்டு." உடனே வரும், "அவன் கைல சுட்டுக்கிட்டான், நெருப்புக் கதவுல. தீபாவளிக்கு முன்னாடி." மத்தியானம் சாப்பிட்டீங்களா என்றால் யோசிக்கிற மனுஷன்.

நான் ஒரு ரிஜிஸ்டர் போட்டிருக்கிறேன். வரிசை எண், ஃபிலிம் ஓரத்தில் அச்சான எழுத்து, இடம், தேதி, தேதி உறுதியா உத்தேசமா, இன்ஜின், ஆட்கள், இதைச் சொன்னது யார். கடைசிப் பத்திதான் முக்கியம். எங்கள் தொழிலில் மேக்கர், செக்கர் என்பார்களே, அந்தப் புத்தி. அப்பா சொன்னதா, டைரியில் இருந்ததா, நாங்கள் ஊகித்ததா என்று எழுதாவிட்டால் பத்து வருஷம் கழித்து ஊகமெல்லாம் சத்தியமாகிவிடும்.

டைரி என்றேனே, அப்பா பாக்கெட் டைரியில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். இன்ஜின் நம்பர், வண்டி, வானம் எப்படி. அதில் 1979இலிருந்து 83 வரை கரையானுக்குப் போய்விட்டது. அந்த வருஷங்களுக்கு வேறு வழியில் தேதி கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்குப் பெரிய உதவி சினிமா போஸ்டர்! ஒரு ஒய்.பி.க்குப் பின்னால் சுவரில் '16 வயதினிலே' போஸ்டர் பாதி தெரிகிறது. படம் 1977 செப்டம்பரில் வந்தது, எனவே அதற்கு முன் எடுத்த ஃபோட்டோவாக இருக்க முடியாது. அதற்குப் பின் எவ்வளவு என்று மட்டும் சொல்ல முடியாது. டூரிங் டாக்கீஸுக்குப் படம் எப்போது வந்து சேரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதனால் ரிஜிஸ்டரில் '1977 செப்டம்பருக்குப் பின்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பெண் கேட்டாள், "பத்து செகண்ட்ல ஏதாவது வருஷம் போட்டுட்டுப் போலாமேப்பா?" போடலாம்தான். லெட்ஜரில் கூடத்தான் ஏதாவது போடலாம்.

இப்படி ஒரு ஞாயிறு, 1974ஆம் வருஷத்து நெகடிவ் ஒன்று. தண்ணீர் பிடிக்கும் ஒய்.பி. டைரியில், "கரி மட்டம். புகை அதிகம். வெயில் நல்லது" என்று இருக்கிறது. சின்ன பிரிண்டில் ஒன்றும் தெரியாது. ஸ்கேனில் பெரிசாக்கினால் வலது ஓரத்தில், தூணை ஒட்டி அம்மா. ஒரு கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் அக்கா. கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, இன்ஜினைப் பார்க்கவில்லை, நேரே கேமராவைப் பார்க்கிறார். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயசு இருக்கும். ரேஷன் கார்டு படத்தில் இருப்பது வேறு யாரோ.

அக்கா டேப்லெட்டைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார். சொன்னோம். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கிட்டே வைக்கச் சொன்னார். "தூண் தெரியுது. அவ தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாடு எடுத்தாந்திருப்பா. ஒரு மணிக்கு வருவா. நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாரு" என்றார். நிழல் குட்டையாகக் காலடியிலேயே விழுந்திருந்தது. ரிஜிஸ்டரில் எழுதினேன்: நேரம், மத்தியானம் ஒரு மணி, உத்தேசம், சொன்னது அப்பா. ஆட்கள் என்ற பத்தியில் அம்மா பேரை எழுதினேன். அதன் பிறகு தேடித் தேடி இன்னும் ஆறு நெகடிவில் கண்டுபிடித்திருக்கிறோம். எதிலும் நடுவில் இல்லை.

என் பெண்ணுக்கும் இந்தக் கிறுக்கு தொற்றிவிட்டது. காரணம் நாக்பூர். 2015இல் அவளுக்குப் பத்து வயசு, அப்பா அம்மா இருவரும் இங்கே வந்திருந்தார்கள். நாக்பூரிலிருந்து சிந்த்வாடாவுக்கு ஓடிக்கொண்டிருந்த நாரோ கேஜ் வண்டியை அந்த நவம்பர் கடைசியோடு நிறுத்தினார்கள், அகலப் பாதை போடுவதற்காக. 762 மில்லிமீட்டர் தண்டவாளம். மீட்டர் கேஜ்காரரான அப்பாவே, "இது என்னடா பொம்மையாட்டம் இருக்கு" என்றார். இத்வாரி ஸ்டேஷனுக்குத் தாத்தாவும் பேத்தியும் மூன்று நாள் தொடர்ந்து போனார்கள். தாத்தா தேய்ந்துபோன ஜெனித் கேமராவில், பேத்தி என் டிஜிட்டலில். அவள் ஒரு மணி நேரத்தில் நானூறு படம், அவர் மூன்று. "அந்தாளு எஞ்சின்ல என்ன பண்றாருன்னு கேட்டு எழுது" என்று பேத்தியை டிரைவரிடம் அனுப்பினார். அவள் ஹிந்தியில் கேட்டு, தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள். அந்த ஸ்கூல் நோட்டுப் பக்கம் இப்போது ரிஜிஸ்டரில் ஒட்டியிருக்கிறது. நாக்பீட் பக்கம் மிச்சமிருந்த நாரோ கேஜும் 2019இல் நின்றது. இப்போது நாரோ கேஜ் பார்க்க மோத்திபாக் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். விழுப்புரத்தில் அந்த மியூசியம் கூட இல்லை. ஒய்.ஏ.எம். நின்ற இடத்தில் இன்று அகலப் பாதை, கம்பி தெற்கே வெகுதூரம் போய்விட்டது. இன்ஜின் மாற்ற யாரும் அங்கே வண்டியை நிறுத்துவதில்லை.

இதுவரை 1,260 முடிந்திருக்கிறது. ஃப்ரிட்ஜில் இருப்பதில் தொண்ணூறு பாக்கி, அதைத்தான் முதலில் முடிக்கிறேன். தம்பி இப்போது விற்கிற பேச்சை எடுப்பதில்லை. போன மாதம் தானாகவே ஒரு புது ஹார்ட் டிஸ்க் வாங்கி அனுப்பியிருந்தான், ஒரு வார்த்தை எழுதாமல்.

பேர் தெரியாத முகங்கள் நானூற்றுச் சொச்சம் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது 1970, 80களில் விழுப்புரம் லோகோ ஷெட்டிலோ, ஸ்டேஷனிலோ, ப்ளாட்பாரத்தில் கூடை தூக்கியோ வேலை பார்த்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா உட்கார்ந்திருப்பார். பதினொன்றுக்கு மேல் கண் வலிக்கும், எழுந்துவிடுவார்.